அவதிக்கு அனுபவம் என்று பெயர் சூட்டாதீர்கள்

தமிழில் ரயில் பயணத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. முதலில் ஜன்னலுக்கு வெளியே பின்னோக்கி ஓடும் பனைமரங்கள். அடுத்து எதிர் இருக்கையில் ஒரு முதியவர். அவர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டும் புளியோதரை. நள்ளிரவில் பெயர் தெரியாத நிலையமொன்றில் வண்டி நிற்க, நடைமேடை விளக்கின் கீழே சுருண்டு கிடக்கும் ஒரு நாய். கடைசிப் பத்தியில், இந்தியாவை அறிய விரும்புகிறவன் முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்னும் உபதேசம். சிற்றிதழ், இடைநிலை இதழ், இணைய இதழ் என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் இந்தக் கட்டுரை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவரின் பெயர் மட்டுமே மாறுகிறது.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் இருவர். பள்ளிக்காலம் தொட்டு நண்பர்கள், நாஞ்சில் நாட்டுக்காரர்கள். மேற்படி வாய்பாட்டின் மீது எங்களுக்குள்ள ஆட்சேபம் அதன் சலிப்பைப் பற்றியது மட்டுமன்று. அது ஒரு பொய்யைச் சொல்கிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு. மனிதர்கள் மூச்சுவிட இடமின்றி ஓர் இரவைக் கழிப்பது துன்பம். அந்தத் துன்பத்துக்குக் காரணங்கள் உண்டு; அக்காரணங்களுக்கு ஆண்டும் தேதியும் உண்டு. அவற்றையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு மிச்சத்துக்கு 'அனுபவம்' என்று பெயரிடுவதைத்தான் நமது பயண எழுத்து செய்துகொண்டிருக்கிறது.

பெயர் மாற்றும் இந்த வித்தை நமது எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. இந்திய ரயில்வே 1974இல் மூன்றாம் வகுப்பை ஒழித்தது. ஒழிந்தது பெயர்தான். அதே பலகையில் அதே மனிதர்கள் மறுநாள் முதல் இரண்டாம் வகுப்புப் பயணிகள் ஆனார்கள். அரசு தன் வசதிக்காகச் செய்ததை இலக்கியம் அழகுக்காகச் செய்கிறது, வேறுபாடு அவ்வளவே.

இதற்கு நேர் எதிரான எழுத்து ஒன்று நம்மிடையே இருக்கிறது. 1917 செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து காந்தி, இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றி எழுதியதைச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நாள்முதல் அந்த வகுப்பிலேயே நாடு முழுவதும் அலைந்தவர் அவர். அதில் ஒரு பயணம் பம்பாயிலிருந்து சென்னைக்கு. சீட்டின் விலை 13 ரூபாய் 9 அணா என்று எழுதுகிறார். பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று குறித்திருந்ததையும், அந்த 22 இடமும் உட்காருவதற்கு மட்டுமே என்பதையும், சென்னை சேர்வதற்குள் இரண்டு இரவுகளைக் கழித்தாக வேண்டும் என்பதையும் எழுதுகிறார். ராய்ச்சூருக்குப் பிறகு நெருக்கடி தாங்க முடியாததாயிற்று என்கிறார். கழிப்பறை வழிநெடுகச் சுத்தம் செய்யப்படவில்லை என்கிறார். பிறகு கணக்குக்கு வருகிறார்: முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது மற்றவனுக்குக் கிடைக்கிறதா?

இரண்டு இரவுகள் மூன்றாம் வகுப்பில் நசுங்கிய அந்த மனிதருக்கு ஆன்மிகத்தில் ஈடுபாடு குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்கள். இருந்தும் அவர் அந்த நெரிசலிலிருந்து தத்துவம் எதையும் பிழிந்தெடுக்கவில்லை. கட்டணத்தை எழுதினார், இருக்கைகளை எண்ணினார், அழுக்கைச் சொன்னார். வைஸ்ராயும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பின்றி எப்போதாவது மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்க்கட்டும், உடனே மாற்றம் வரும் என்று யோசனையும் சொன்னார். பொதுப்பெட்டியில் ஏறிப் பார் என்று அவரும்தான் சொன்னார். ஆனால் அதை மாற்றும் அதிகாரம் உள்ளவர்களைப் பார்த்துச் சொன்னார். நமது கட்டுரையாளர் தன்னைப்போன்ற இன்னொரு ரசிகரைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் எங்கள் பேசுபொருள்.

காரணங்களுக்குத் தேதி உண்டு என்றோம். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876இல். அங்கிருந்து நாகர்கோவில் எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்தைக் கடக்க இருப்புப்பாதைக்கு 105 ஆண்டுகள் பிடித்தன. நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாய் இருந்தது; அதன் ஒருபுறம் பிரிட்டிஷ் இந்தியா, மறுபுறம் திருவிதாங்கூர் சமஸ்தானம். மலையைவிட அந்த எல்லையே பெரிய தடையாக நின்றது. திருவனந்தபுரத்துக்கு 1918இல் ரயில் வந்துவிட்டது. அங்கிருந்தும் தெற்கே இறங்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தபோது அந்த மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. வேலை தேடி வெளியேறிய ஒரு தலைமுறை முழுவதும் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பேருந்தில் போய்த்தான் ரயிலைப் பார்த்தது.

கடைசியில் பாதை வந்தது கேரளத்தின் வழியாக: 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும். திருநெல்வேலி இணைப்பு 1981இல். அப்போதும் சிக்கல் தீரவில்லை. எங்களுடையது அகலப்பாதை, திருநெல்வேலிக்கு வடக்கே மீட்டர் பாதை. ஆகவே தொண்ணூறுகளில் அந்தப் பாதை அகலமாகும் வரை, தமிழகத்தின் தென்கோடியிலிருந்து தமிழகத்தின் வழியாகவே தலைநகருக்கு ஏறிய வண்டியில் இறங்காமல் போக இயலாது. நிர்வாகமோ 1979 அக்டோபரில் உருவான திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வந்தது. மாவட்டத்தைத் தமிழகக் கோட்டமொன்றில் சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது. அதன் நியாய அநியாயங்களுக்குள் இங்கே நாங்கள் நுழையவில்லை. ஒரு ஊர் எந்தத் திசையில், எந்த வண்டியில், எத்தனை மணி நேரம் போக வேண்டும் என்பது எங்கோ ஒரு மேசையில் முடிவாகிறது என்பதைக் காட்ட மட்டுமே இதைச் சொல்கிறோம்.

இனி எங்கள் பயணம். எந்த வண்டி, யாருடைய பொறுப்பு என்பதை விட்டுவிடுகிறோம். இந்த நாட்டில் எந்த வண்டியாகவும் அது இருந்திருக்கலாம். பெங்களூரில் ஒரு சாவு. எங்கள் இருவருக்கும் வேண்டியவர். முன்பதிவுக்கு அவகாசமில்லை. முற்பகலில் நாகர்கோவிலில் பொதுப்பெட்டியில் ஏறினோம். கேரளத்தை நெடுகக் கடந்து மறுநாள் காலையில் போய்ச் சேரும் வண்டி. அந்தத் தடத்தில் மாநில எல்லைகள் நான்கு. குழித்துறையைத் தாண்டியதும் பாறசாலைக்கு முன்பு ஒன்று. பாலக்காட்டுக் கணவாயில் வாளையாற்றில் இரண்டாவது. அங்கே மறுபடியும் தமிழ்நாடு. ஜோலார்பேட்டைக்கு அப்பால் குப்பத்தை ஒட்டி ஆந்திரத்தின் ஒரு முனை. பங்காரப்பேட்டைக்கு முன்பு கர்நாடகம்.

எல்லை மாறும்போது நிலையப் பலகையின் எழுத்து மாறும், 'சாயா' என்ற குரல் 'டீ' என்று மாறும். இதை வைத்துச் சுவையாக ஒரு பத்தி எழுதலாம்; பலர் எழுதியும் இருக்கிறார்கள். எங்கள் பெட்டிக்குள் சாயாக்காரரால் நுழைய முடியவில்லை. பலகையைப் பார்க்க ஜன்னலுக்கும் எங்களுக்கும் நடுவே ஐந்து வரிசைத் தலைகள். நான்கு எல்லைகளில் ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. எர்ணாகுளத்திலேயே பெட்டியின் சுவரில் எழுதியிருந்த 90 என்னும் எண்ணுக்குப் பொருளில்லாமல் போயிற்று. இரு கழிப்பறைகளுக்கும் நடுவே இருக்கிற இடத்தில் மட்டும் 17 பேர் இருந்தார்கள். சாமான் வைக்கும் பலகையில் ஆட்கள். சாமான்கள் ஆட்களின் மடியில்.

எங்களுக்கு அருகே, தரையில், கைக்குழந்தையோடு ஒரு பெண். திருச்சூரில் ஒருவர் தண்ணீர்க் குப்பியை நீட்டினார். குழந்தைக்குப் புகட்டினாள், தான் குடிக்கவில்லை. கோயம்புத்தூரிலும் குடிக்கவில்லை, சேலத்திலும் குடிக்கவில்லை. காரணம் எங்களுக்கு வெகுநேரம் கழித்தே விளங்கியது. கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆட்கள் படுத்திருந்தார்கள். கதவுக்குள்ளேயும் இருவர் நின்றிருந்தார்கள். குடித்தால் போக வேண்டும், போக வழியில்லை. ஆகவே அவள் குடிக்கவில்லை. மே மாதத்து இரவு அது.

எங்கள் நட்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயணம் நட்பை ஆழப்படுத்தும் என்பது அந்த வாய்பாட்டின் இன்னொரு வரி. ஈரோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் இருக்கையின் விளிம்பு கிடைத்தது. ஒருவர் உட்காரலாம். அரை மணிக்கு ஒருவர் என்று பேசிக்கொண்டோம். இரண்டாம் முறையே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். "எடே, அரை மணி ஆயாச்சு, எந்திரி." "இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்குடே." முப்பது ஆண்டுப் பழக்கத்தில் எங்களுக்குள் இப்படியொரு பேச்சு நிகழ்ந்ததில்லை. சேலத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவேயில்லை. இது எங்கள் இயல்பின் ஆழத்தைக் காட்டிய தருணம் என்று எவரேனும் சொன்னால் மறுப்போம். ஒன்றரை அடி மரப்பலகைக்காக இருவரைக் கணக்குப் பார்க்க வைத்தால் எந்த இருவரும் பார்ப்பார்கள். நெரிசல் மனிதனின் உண்மை முகத்தை வெளிக்கொணர்கிறது என்பது இடவசதி உள்ளவர்களின் ஊகம். அந்த இரவு எங்கள் நட்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னது.

நமது கட்டுரையாளர் இங்கே குறுக்கிடுவார். "நீங்கள் மனம் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெட்டியில் எத்தனை கதைகள்!" கதைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி. நீங்கள் பொதுப்பெட்டியில் போனது எத்தனை முறை? திரும்பி வருகையில் எந்த வகுப்பில் வந்தீர்கள்? விருப்பப்பட்டு ஓரிரவு நசுங்குவதும், வேறு வழியின்றி ஆண்டுக்கு நான்கு முறை நசுங்குவதும் ஒன்றாகா. முன்னது விரதம், பின்னது பட்டினி. இரண்டிலும் வயிறு காலியாக இருக்கிறது என்பதால் விரதம் இருந்தவர் பட்டினியைப் பற்றிப் பிரசங்கம் செய்யலாகாது.

எல்லை கடக்கும் ரயில்களைப் பற்றிய நமது நினைவேக்கமும் இதே கதிதான். சென்னையிலிருந்து இராமேசுவரம் தீவு வழியாக இலங்கைக்குப் போன போட் மெயிலைப் பற்றி எத்தனை ஏக்கக் கட்டுரைகள்! தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 1914இல் தொடங்கிய அந்தத் தடத்தை 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் முடித்துவைத்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் வண்டி அப்படியே கடலுக்குள் போயிற்று. ஏக்கக் கட்டுரைகளில் புயல் வரும், சீட்டு ஒன்றில் கொழும்புவரை போன அதிசயம் வரும். அந்தக் கடலைக் கடந்தவர்களில் பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் என்பதும், அவர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக அடைத்துவைக்கப்பட்டுப் பின்னரே அனுப்பப்பட்டார்கள் என்பதும் வருவதில்லை. எல்லையை எல்லோரும் ஒரே விதமாகக் கடப்பதில்லை. கையிலுள்ள சீட்டைப் பொறுத்தே கடக்கிறார்கள்.

இன்றைக்கு அந்த ஏக்கத்தின் இடத்தைக் கன்னியாகுமரியில் வந்து முடியும் விவேக் எக்ஸ்பிரஸ் பிடித்திருக்கிறது. அசாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக, மூன்று இரவுகளைத் தாண்டி ஓடி வரும் வண்டி, 2011இல் தொடங்கியது, நாட்டிலேயே நீளமான தடம். விவேகானந்தர் 1892இல் குமரிக்கு வந்ததை நினைவுறுத்தும் பெயர். சாகசம் தேடுகிறவர்களுக்கு இது ஒரு யாத்திரை. அதன் பொதுப்பெட்டியில் வரும் அசாமிய, வங்கத் தொழிலாளிக்கோ தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள கட்டட வேலைக்கு வந்துசேர ஒரு வழி. இருவரும் ஒரே வண்டியில் வருகிறார்கள் என்பதற்காக ஒரே பயணத்தைச் செய்கிறார்கள் என்று சொல்வதா?

அவதியை இயற்கையின் கணக்கில் எழுதுவது எழுத்தாளருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1988 ஜூலை 8 அன்று பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது; 105 பேர் இறந்தார்கள். சுழற்காற்றே காரணம் என்றது அதிகாரபூர்வ விசாரணை. காயலோரத்து மக்கள் அப்படியொரு காற்றை அறியோம் என்றார்கள். காற்றின்மேல் பழி போட்டுவிட்டால் கோப்பை மூடிவிடலாம். விதி, இந்தியா, வாழ்க்கை என்று எதன்மேலாவது போட்டுவிட்டால் கட்டுரையையும் அழகாக முடித்துவிடலாம்.

மாற்ற முடியாதது என்று எண்ணியவை மாறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் ஒரு காலத்தில் வெறும் மரப்பலகை. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே அதன்மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை இருக்கட்டும் என்று முடிவு செய்தார். படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் அது பரவியது. கோடிக்கணக்கான மக்களின் கோடிக்கணக்கான இரவுகள் அந்த இரண்டு அங்குலத்தால் வேறாயின. மரப்பலகையின் மகத்துவத்தைப் பற்றி அதற்கு முன் எவரேனும் கட்டுரை எழுதியிருந்தால் அதற்கு இன்று என்ன மதிப்பு? மெத்தை வந்ததால் எந்த இலக்கியம் நலிந்தது?

முடிவுகள் மறுபுறமும் எடுக்கப்படுகின்றன. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே வந்தே பாரத் வந்தது. நல்ல வண்டி, வேகமான வண்டி, முழுக்கக் குளிர்சாதன வண்டி. தரையில் அமர்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அதில் பெட்டியே கிடையாது. அதே 2024இல் பொதுப்பெட்டிகளைக் கூட்டுவோம் என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்ததும் உண்மை. அந்த அறிவிப்பு வானத்திலிருந்து விழவில்லை. நெரிசலைப் படம் பிடித்தும் எழுதியும் முறையிட்டும் ஓயாமல் தொல்லை கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் இலக்கியவாதிகள் எத்தனை பேர்?

இலக்கியம் மனு எழுதும் வேலையா என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. இல்லை என்பதே எங்கள் பதிலும். நாவலாசிரியர் பெட்டிக் கணக்குத் தர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மனிதத் துயரத்தை அதன் காரணத்தோடு சேர்த்துப் பார்க்கிற புனைவு ஒருபோதும் நம்மை ஏமாற்றியதில்லை. நாஞ்சில் நாடனின் 'மிதவை' 1986இல் வந்த நாவல். ஊரைவிட்டு வேலை தேடிப் புறப்படும் ஓர் இளைஞனுடைய அலைச்சலைச் சொல்கிறது. அந்த அலைச்சலை அவர் எங்கும் தரிசனமாக்கிக் காட்டுவதில்லை. பசி பசியாகவும் அவமானம் அவமானமாகவும் இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரர் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படி எழுத முடியும் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறோம். எங்கள் சண்டை இலக்கியத்தோடு அன்று. இலக்கியத்தின் பெயரால் நடக்கும் சிலாகிப்போடு.

துன்பத்தை விதந்தோதுகிறவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே என்றும் கேட்கலாம். செய்கிறார். பொதுப்பெட்டிதான் உண்மையான இந்தியா என்று நூறு முறை எழுதப்பட்டால், அந்தப் பெட்டி அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் படித்தவர்களிடையே ஊறிவிடுகிறது. முறையிடத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரிக்கு விளங்கும் மொழி அறிந்தவர்கள் இவர்களே. இவர்கள் ரசித்துவிட்டுப் போனால், ஓர் இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தவளுக்காக யார் பேசுவது? அவளுக்கு இந்தப் பக்கங்களில் எழுத இடமுமில்லை, நேரமுமில்லை.

ஆகவே ரயில் கட்டுரை எழுதவிருக்கும் அடுத்த நண்பருக்கு எங்கள் வேண்டுகோள் எளிது. பனைமரங்களை எழுதுங்கள், நாயையும் எழுதுங்கள். அதற்கு முன்பு பெட்டியின் சுவரில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு எண்களையும் கட்டுரையில் சேருங்கள். 1917இல் ஒருவர் அப்படித்தான் செய்தார்.